நோ எரர்

எண்பதுகளின் கடைசியில் தென்காசிப் பக்கம் ஒரு நூல் மில்லில் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தேன். என் புரோகிராமில் இருந்த ஒரு பிழையால் ஒரு லாரி நூல் ஊர் மாறிப் போய்விட்டது. இன்னொரு தடவை நடந்தால் வேலை போய்விடும். அப்படி நடக்காமலிருக்க, பிழை பார்த்துச் சொல்லும் புரோகிராம் ஒன்றை மில்லில் வாங்கினார்கள். அது புது ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கானது. எங்களிடம் இருந்ததோ பழையது. அதில் ஓடவைக்க மெட்ராஸிலிருந்து ஒரு நிபுணர் வந்து இறங்கினார்.

பருத்த மனிதர். சாரல் காலம் வேறு. தினமும் குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுப் பதினொரு மணிக்கு வருவார். தலையிலிருந்து கீபோர்டில் எண்ணெய் சொட்டும்.

பத்தாம் நாள், "ஓடுது" என்றார்.

எதைக் கொடுத்தாலும் 'நோ எரர்' என்று வந்தது. சந்தேகப்பட்டு, ஒரு புரோகிராமில் பாதியை அழித்துவிட்டுக் கொடுத்தேன். அதற்கும் நோ எரர்.

"சார், பாதியக் காணோம். இதையும் சரின்னு சொல்லுதே?"

"பழைய சிஸ்டம்பா. செக் பண்ற இடத்துல எல்லாம் நின்னு போச்சு. அந்த இடத்தையெல்லாம் எடுத்துட்டேன். இப்ப நிக்காம ஓடுது பாரு."

"பெறவு எதுக்கு சார் இது?"

அவர் கோபப்படவில்லை. தான் திருத்திய அந்தப் பிழை பார்க்கும் புரோகிராமையே அதனிடம் சோதிக்கக் கொடுத்தார். பிரிண்டரில் 'நோ எரர்' என்று வந்த தாளைக் கிழித்தெடுத்து, மேனேஜரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

வெறும் ஏமாற்றுக்காரர் என்றால் என்றோ மறந்திருப்பேன். அந்தத் தாளைப் பார்த்ததும், பரீட்சையில் தேறிய பிள்ளை மாதிரி அவர் முகம் மலர்ந்ததே, அதுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.