இருக்கறதைப் படி

நுஸ்ரத் ருஷ்யாவுக்கு வேலைக்குக் கிளம்பியது, வசந்தப் புத்தாண்டான நவ்ரூஸுக்கு முந்தின வெள்ளிக்கிழமை. குஜந்த் விமான நிலையத்துக்குப் போகும் வாடகைக் கார் வாசலில் நின்றது. உள்ளே ஏற்கெனவே மூன்று பேர், அவரவர் அம்மா கட்டிக் கொடுத்த மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். நுஸ்ரத்தின் அம்மா ஹூரினிசோ காலையில் சுட்ட வட்ட ரொட்டியை இரண்டு கையாலும் நீட்டினாள். அவன் ஓரத்தில் ஒரு கடி கடித்தான். மிச்சத்தை அவள் கயிற்றில் கட்டி, பல் பதிந்த இடம் வெளியே தெரியும்படி கூடத்துச் சுவரில் ஆணியில் தொங்கவிட்டாள். போனவன் திரும்பி வந்து மீதியைத் தின்ன வேண்டும். அதுவரை ரொட்டி அங்கேதான் இருக்கும். இஸ்தராவ்ஷானில் அந்தத் தெருவில் ரொட்டி தொங்காத வீடு இல்லை.

கார் போன பிறகு அந்த ரொட்டிக்குக் கீழே நின்றவள் அவன் மனைவி சனவ்பர்.

அவளுக்கு அப்போது இருபத்தாறு வயது. கல்யாணத்துக்கு முன் குஜந்தில் செவிலியர் பள்ளியில் ஒரு வருடம் படித்தவள். இன்னொரு வருடம் பாக்கி. "அதை அப்புறம் பாத்துக்கலாம்" என்று பெண் பார்க்க வந்த அன்று ஹூரினிசோ சொன்னாள். அந்த அப்புறம் வரவே இல்லை. சனவ்பர் விடியும் முன் எழுந்து வாசலைப் பெருக்குவாள், மாவு பிசைவாள், குழி அடுப்புக்குள் கைவிட்டு உட்சுவரில் ரொட்டி அறைவாள். கதவுக்கு வெளியே தனியாகப் போவது கிடையாது. அத்தை கொடுமைக்காரியாக இருந்திருந்தால் ஒரு சண்டை போட்டுவிட்டு அப்பா வீட்டுக்குப் போயிருக்கலாம். இவளோ நல்ல கறித் துண்டை மருமகள் தட்டில் தள்ளுவாள். கை வெடித்திருந்தால் ஆட்டுக் கொழுப்பைத் தடவிவிடுவாள். பிறகு வெளிக்கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வாள். வெண்ணெய் தடவிய விலங்கு என்றாலும் விலங்குதான்.

அந்த வீட்டில் ஒரு பழைய புத்தகம் இருந்தது. நூற்றாண்டுகளுக்கு முந்தைய கவி ஒருவரின் பாடல்கள், அரபு எழுத்தில். பெட்டிக்குள் பட்டுத்துணியில் சுற்றி வைத்திருந்தார்கள். மனதில் ஒரு கேள்வியை நினைத்து, கண்ணை மூடிப் புத்தகத்தைத் திறந்தால், விழுந்த பக்கத்தில் பதில் இருக்கும். ஆனால் ஹூரினிசோவுக்கு அந்த எழுத்து தெரியாது. அவளுக்கு மட்டுமல்ல, ஊரில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. தாத்தா காலத்தில் மொழியை ருஷ்ய எழுத்துக்கு மாற்றிவிட்டார்கள். காதால் கேட்டால் எல்லாப் பாட்டும் புரியும், கண்ணால் பார்த்தால் ஒன்றும் புரியாது. ருஷ்ய எழுத்தில் அச்சான பதிப்பு கடைகளில் கிடைக்கும்தான். அதை அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள். "வேஷம் போட்டு நிறுத்தினா அந்தக் கவிக்கே தன் பாட்டு அடையாளம் தெரியாது. அப்புறம் பதில் எங்கேர்ந்து சொல்லுவார்?" என்பாள்.

முன்பு பக்கத்துத் தெருவில் ஒருவர் வந்து படித்துச் சொல்வார். அவர் இறந்த பின் புத்தகம் ஊமையாகிவிட்டது. மகன் போன இடமோ தூரம். கேட்க வேண்டிய கேள்விகள் நிறைய. அதனால்தான் ஹூரினிசோ தன் கையால் பூட்டைத் திறந்து, வியாழக்கிழமை மதியங்களில் அந்த எழுத்தைக் கற்றுவர மருமகளை ஓய்தின் வீட்டுக்கு அனுப்பினாள்.

ஓய்தின் பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் வீட்டில் படிப்பதற்கென்று கூடியது மொத்தம் மூன்று பேர்: அவள், ரொட்டி விற்கும் மவ்ஜூதா, சனவ்பர். வாத்தியார் யாரும் கிடையாது. மவ்ஜூதாவுக்குத் தொழுகைப் புத்தகம் படித்ததில் எழுத்து தெரியும், பழைய சொற்களின் பொருள் தெரியாது. ஓய்தினுக்குப் பொருள் தெரியும், எழுத்து தடுமாறும். குருடியும் நொண்டியும் சேர்ந்து சந்தைக்குப் போன கதைதான். சனவ்பருக்கு இரண்டும் தெரியாது, அதனால் அவள்தான் வேகமாகக் கற்றாள். அவள் தானாகக் கூட்டிப் படித்த முதல் சொல் ரொட்டி, அவர்கள் மொழியில் 'நான்'. மூன்றே எழுத்து, முதலும் கடைசியும் ஒன்று. எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ரொட்டிதான். அவள் சிரித்துவிட்டாள். ஏன் சிரிக்கிறாய் என்று மற்ற இருவரும் கேட்டதற்கு, எங்கள் வீட்டிலும் அப்படித்தான், எந்தப் பக்கம் திரும்பினாலும் அதுதான் தெரிகிறது என்றாள்.

குளிர் நாட்களில், கீழே கனல் சட்டி வைத்து மேலே தடித்த மெத்தை போர்த்திய தாழ்மேசை. அதற்குள் காலை நீட்டிக்கொண்டு உட்கார்வார்கள். ஒருத்தி ஒரு கண்ணியைப் படிப்பாள். அடுத்தவள் அதைப் பேச்சு வழக்கில் சொல்வாள். மூன்றாமவள் அது நிஜமா, தான் கண்டதுண்டா என்று சொல்ல வேண்டும். தப்பாகப் படித்தவள் சூட்டிலிருந்து காலை உருவிக்கொண்டு போய்த் தேநீர் ஊற்ற வேண்டும்.

"உங்களுக்கு டீ ஊத்தியே என் இடுப்பு போச்சு" என்பாள் மவ்ஜூதா. "ரொட்டி விக்கிறவளுக்குக் காதல் பாட்டு எதுக்குடி?"

"உன் புருஷன் வீட்டோட கிடக்கான்ல, அதான் உனக்குத் தேவைப்படல. எங்களைக் கேளு."

"வேணும்னா அவனை நீ எடுத்துக்கோ ஓய்தின். கூடவே அவன் குறட்டையையும்."

அந்த எழுத்தில் பாதி உயிர் ஒலிகளை எழுதுவதில்லை. எலும்பு மட்டும் தாளில் இருக்கும், சதையைப் படிப்பவர் வைத்துக்கொள்ள வேண்டும். சனவ்பர் அவசரப்பட்டு முன்பே ஊகித்துவிடுவாள். அப்போதெல்லாம் ஓய்தின் மேசையில் தட்டுவாள். "இருக்கறதைப் படி. நீ நினைக்கிறதைப் படிக்காதே."

ஓய்தினின் புத்தகமும் அதே கவியின் பாடல்கள்தான், புது அச்சு. கோடை முழுக்கப் படித்ததில் சனவ்பருக்குப் பல பாட்டுகள் மனப்பாடமாகிவிட்டன. ரொட்டி அறையும்போது அடுப்பு வாய்க்குள் குனிந்து சொல்லுவாள். அங்கே சொன்னால் யாருக்கும் கேட்காது.

குளிர்காலம் வந்ததும் நுஸ்ரத்தின் போன் குறைந்தது, பிறகு நின்றது. ஹூரினிசோ சாப்பாட்டை ஒதுக்கினாள். பால் தேநீரில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக் கொடுத்தாலும் ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நகர்த்திவிடுவாள். பிறகு படுக்கையிலேயே கிடந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னாள். கண்ணை மூடி, உதடு அசைய எதையோ வேண்டிக்கொண்டு திறந்தாள். மருமகளிடம் நீட்டினாள்.

சனவ்பர் மனதுக்குள் படித்தாள்.

*விடியுமுன் போன ஒட்டக வரிசை மணலோடு கரைந்தது.*
*அதன் மணியை வாசலில் கட்டிக் காத்திருப்பவளே, கயிற்றை அவிழ்.*

அத்தையின் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. சனவ்பர் பக்கத்தைப் பார்த்தபடியே வேறொரு பாட்டைச் சொன்னாள்.

*பனி உருகும், கணவாய் வழிவிடும், போனவன் காலடியில் புழுதி எழும்.*
*வாசலில் விளக்கோடு நிற்பவளே, திரியைத் தூண்டு.*

ஹூரினிசோ எழுந்து உட்கார்ந்தாள். சூப் கேட்டுக் குடித்தாள். மறுநாள் காலை நுஸ்ரத் போன் செய்தான். வேலை செய்த இடம் மாறியதாம், போன் தொலைந்ததாம். பேசியது கொஞ்ச நேரம்தான். ஆனால் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தால் காக்கைக்குத்தானே பேர். புத்தகத்தின் பெருமையைக் கிழவி தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். தன் சால்வையிலிருந்து ஒரு சிவப்பு நூலை உருவி அந்தப் பக்கத்தில் வைத்தாள். சனவ்பர் அந்த நூலைப் பார்த்தாள். ஏதோ ஆசைக்கு வைக்கிறாள் என்று விட்டுவிட்டாள். அதன் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் நூல் இருந்த பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அதில் இல்லாத பாட்டை அவள் சொல்ல வேண்டியிருந்தது.

பனி உருகியது. நுஸ்ரத் வரவில்லை. மறுபடி போன் நின்றது. ஆனால் கிழவி கலங்கவில்லை. புத்தகம் சொல்லிவிட்டதே, இந்தப் பனியென்று சொல்லவில்லையே.

ஆனி மாத வாக்கில் ஓய்தினுக்குக் குஜந்த் ஆஸ்பத்திரிக்கு மாற்றல் வந்தது. செவிலியர் பள்ளியில் அவள் விசாரித்திருந்தாள். படிப்பைப் பாதியில் விட்டவர்களை இரண்டாம் வருடத்தில் சேர்த்துக்கொள்கிறார்கள், இலையுதிர்காலத்துக்குள் வந்துவிட வேண்டும். சனவ்பர் தன்னோடு தங்கலாம். இந்த வருடம் விட்டால் பழைய பாடத்திட்டம் போய்விடும், பிறகு ஒன்றிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

சனவ்பர் அன்று இரண்டு தடவை ரொட்டியைக் கருக்கினாள். பிறகு அத்தையிடம் கேட்டாள். ஹூரினிசோவுக்குக் கோபம் வரவில்லை. வியப்புதான்.

"எங்கே போறேங்கிறே? அவன் வர்றப்போ வாசல்ல விளக்கோட யார் நிப்பா? நீதானே படிச்சே."

வாயால் சொன்ன பொய் சுவராக எழும்பி, கதவும் இல்லாமல் முன்னால் நின்றது. கிழவியைச் சாப்பிட வைக்கச் சொன்ன சொல்லுக்குள் தானே அகப்பட்டுக்கொண்டதை அன்றுதான் சனவ்பர் முழுதாக உணர்ந்தாள்.

ஓய்தின் வந்து மன்றாடினாள். கடைசியில் ஹூரினிசோ ஒரு வழி சொன்னாள்: புத்தகத்தையே கேட்போம், ஓய்தின் வீட்டில் எல்லாருக்கும் நடுவில் கேட்போம், நாளைக்கு யாரும் நான் தடுத்தேன் என்று சொல்லக்கூடாது. சனவ்பருக்கு உள்ளே ஒரு கதவு திறந்தது. படிக்கப்போவது தான்தானே. கூட்டை விட்டுப் பறக்கும் பறவையைப் பற்றிய பாட்டு ஒன்று உண்டு. எந்தப் பக்கம் விழுந்தாலும் அதைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். ஒரு பொய் கட்டிய சுவரை இன்னொரு பொய் இடிக்கட்டும். வியாழன் வரைக்கும் அந்தப் பாட்டை அடுப்புக்குள் சொல்லிச் சொல்லிப் பழகினாள்.

வியாழக்கிழமை ஹூரினிசோ நல்ல உடை உடுத்தி, புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். வெயில் காலமென்பதால் திராட்சைக்கொடிப் பந்தலின் கீழ் விரித்திருந்தார்கள். மவ்ஜூதா முலாம்பழம் வெட்டி வைத்தாள். கிழவி பட்டுத்துணியைப் பிரித்தாள். கண்ணை மூடுவாள் என்று சனவ்பர் காத்திருந்தாள். அவளோ சிவப்பு நூலைப் பிடித்து, அந்தப் பக்கத்தைத் திறந்தாள்.

"கேள்வி அப்புறம். முதல்ல என் பாட்டைக் கேட்டுட்டு ஆரம்பிக்கலாம்" என்று புத்தகத்தை மவ்ஜூதா மடியில் வைத்தாள். "மருமக குரல்ல கேட்டுக் கேட்டுக் காது பழகிடுச்சு. இன்னைக்கு நீ படி பொண்ணே."

சனவ்பர் கை நீட்டி, அக்காவுக்கு இந்த அச்சு கஷ்டம், நானே படிக்கிறேன் என்றாள். மவ்ஜூதாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. முலாம்பழக் கையைத் துடைத்துக்கொண்டு, விரலை வரியில் வைத்தாள். அவள் எப்போதும்போல் மெதுவாக, எழுத்தெழுத்தாக, பொருளைப் பற்றிக் கவலைப்படாமல் படித்தாள். ஒட்டக வரிசை. மணல். மணி. தப்பே இல்லை. வாழ்நாளில் அவள் தடுமாறாமல் படித்த கண்ணி அதுவாகத்தான் இருக்கும். "கயிற்றை அவிழ்" என்று முடித்துவிட்டுப் பாராட்டுக்காக நிமிர்ந்தாள்.

கேட்டால் புரிகிற பாட்டு, எல்லாருக்கும் புரிந்துவிட்டது. ஓய்தின் சனவ்பரின் முகத்தைப் பார்த்தாள், நர்ஸ் அல்லவா, முகத்தைப் பார்த்தே பாதியைத் தெரிந்துகொண்டாள். இதற்குப் பொருள், ஒட்டகங்கள் வர இன்னும் கொஞ்சம் தாமதமாகும் என்பதுதான் என்று ஏதோ இழுத்தாள்.

ஹூரினிசோ அவள் பக்கம் திரும்பவே இல்லை. "மூணாவது ஆள் நீதானே மருமகளே. நிஜமான்னு நீ சொல்லணும். அதானே இங்க வழக்கம்?"

பறவைப் பாட்டு சனவ்பரின் நாக்கில் தயாராக இருந்தது. அது வெளியே வரவில்லை.

"நிஜம்தான் அத்தை. அன்னைக்கும் இதான் இருந்துச்சு. நீங்க சாப்பிடாமக் கிடந்தீங்க. நான் மாத்திச் சொன்னேன்."

கிழவி புத்தகத்தை வாங்கி, துணியில் சுற்றினாள். சுற்றுவதற்கு வெகுநேரம் எடுத்தது. கேள்வி கேட்கவில்லை. முலாம்பழத்தில் ஒரு துண்டும் எடுக்கவில்லை. "வா, வீட்டுக்குப் போலாம்" என்றாள்.

அவள் திட்டவில்லை. அடுத்த வியாழன் கதவைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். படித்துப் படித்து மருமகளுக்குக் கண் கெட்டுவிட்டது என்று தெருவில் சொன்னாள். புத்தகம் பெட்டிக்குள் போனது, பெட்டிச் சாவி வெளிக்கதவுச் சாவியோடு சேர்ந்தது. ஓய்தின் குஜந்துக்குப் போனாள். பள்ளியில் சேரும் நாள் வந்து போயிற்று. கறியின் நல்ல துண்டு வழக்கம்போல் சனவ்பர் தட்டில் விழுந்தது. மவ்ஜூதா மட்டும் ரொட்டிக் கூடையோடு வாசலில் நின்று, என் வாயைத் தைக்கணும் என்று கதவிடம் சொல்லிவிட்டுப் போவாள்.

இரண்டாவது குளிர்காலம். சனவ்பருக்குப் படிக்க எதுவும் இல்லை. மருந்து அட்டையின் பின்புறத்தைப் படித்தாள், மாவு மூட்டையில் இருந்ததைப் படித்தாள். ஆணியில் இருந்த ரொட்டி கல்லாகிவிட்டது, பல் பதிந்த இடம் மட்டும் அப்படியே இருந்தது. ஒருநாள் கம்பளி பிரித்துக்கொண்டிருந்தபோது ஹூரினிசோ தலையைத் தூக்காமல் கேட்டாள்: "அந்தப் பாட்டு கடைசியில என்ன செய்யச் சொல்லுது?"

"கயிற்றை அவிழ்க்கச் சொல்லுது அத்தை."

"ம்" என்றாள். பிறகு கம்பளியில் சிக்கல் இருப்பதாகக் குறைபட்டுக்கொண்டாள்.

அதற்கும் அடுத்த கோடையில், மொட்டைமாடியில் சர்க்கரை பாதாமிப் பழம் காயவைத்துக்கொண்டிருந்த சனவ்பரை அத்தை கீழே கூப்பிட்டாள். கூடத்தில் ஆணிக்கு நேர் கீழே முக்காலி ஒன்று போட்டிருந்தது. வெளிக்கதவு திறந்து கிடந்தது. கிழவி சுவரில் சாய்ந்து, கையில் போனோடு உட்கார்ந்திருந்தாள். பழக்கூழ் ஆலையில் காலமெல்லாம் கணக்கு எழுதியவள், ருஷ்ய எழுத்து அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"கண்ணாடி எங்கேயோ வெச்சுட்டேன். நீ படி" என்றாள். கண்ணாடி அவள் மூக்கின்மேலேயே இருந்தது. "இருக்கறதைப் படி."

சனவ்பர் போனை வாங்கினாள். முன்னால் ஓடாமல், ஒவ்வொரு சொல்லாக, உரக்கப் படித்தாள்.

"அம்மா, என் நம்பர் மாறிவிட்டது, இனி இதிலேயே பேசுங்கள். இங்கே எனக்குக் குடும்பம் ஆகிவிட்டது, மகன் பிறந்திருக்கிறான். இனி ஊருக்கு வரமாட்டேன். ஆணியில் இருக்கிற ரொட்டியை எடுத்துப் பறவைகளுக்குப் போட்டுவிடுங்கள். சனவ்பரிடம் நான் சொல்வது நன்றாக இருக்காது, நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்."