மகளின் ரத்தத்தில் ஒரு கோடு

காய்ச்சலில் கிடந்த என் மகளின் ரத்தத்தைப் பொய் சொல்லி எடுத்தேன். வைத்தியத்துக்காக அல்ல. தெரிந்துகொள்ளும் ஆசைக்காக!

எண்பதுகளில் திருவனந்தபுரத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் உதவியாளனாக இருந்தேன். சூடு தாக்கினால் உயிரணு தன்னைக் காத்துக்கொள்ள ஒரு புரதத்தை மிகுதியாக உண்டாக்கும். அந்தப் புரதத்தைத் தேடிப் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடியை, உடன் பணியாற்றிய ஆய்வு மாணவி சரளா ஒரு முயலுக்கு ஊசி போட்டு, அதன் ரத்தத்திலிருந்து மாதக்கணக்கில் பாடுபட்டுப் பெற்றிருந்தாள். பிறகு முயல் இறந்துவிட்டது. குப்பியின் அடியில் எஞ்சிய சிறிதளவை, தன் கடைசிச் சோதனைக்கென்று குளிர்பெட்டியில் வைத்திருந்தாள்.

தட்டில் வளர்த்த உயிரணுக்களை நாங்கள் சூடாக்கினால், ஆன்டிபாடியை ஊற்றிய சோதனைத் தாளில் அந்தப் புரதம் கோடாகத் தெரியும். ஆனால் காய்ச்சல்...? உடம்பு தானே மூட்டிக்கொள்ளும் சூட்டிலும் அது தெரியுமா? இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது.

அந்த நேரத்தில்தான் மகளுக்குக் காய்ச்சல் கண்டது. நெற்றியைத் தொட்டபோது என்னுள் முதலில் எழுந்தது கவலையா, ஆர்வமா? நீங்கள் கேட்டால், இன்றும் என்னால் சொல்ல முடியாது...

ஊசியோடு, ஸ்ரீவராகம் பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக்குள் நுழைந்தேன்.

"ஏன்னா, கொழந்தை துவண்டு கெடக்கா. இப்போ ரத்தம் எடுத்தே ஆகணுமா?" என்றாள் மனைவி.

"டாக்டர் கேட்டிருக்கார்."

எவ்வளவு எளிதாக வந்தது அந்தப் பொய்!

"வலிக்காதோன்னோ, அப்பா?" என்று மகள் கையை நீட்டினாள்.

சரளா விடுப்பில் இருந்தபோது, மகளின் ரத்தத்தைச் சோதிக்க அவளுடைய குப்பியைக் காலி செய்தேன். கோடு தெரிந்தது! கருத்த, தெளிவான கோடு! தனியே நின்று வாய்விட்டுச் சிரித்தேன். பிறகுதான் உறைத்தது... மகள் நலமாயிருந்தபோது எடுத்த ரத்தம் என்னிடம் இல்லை. இனி எடுத்தாலும் சோதிக்கக் குப்பியில் ஒரு துளியும் இல்லை. ஒப்பிட ஒன்றுமில்லாத கோடு எதைச் சொல்லும்?

எதையும் சொல்லாது.

சரளா திரும்பி வந்து குளிர்பெட்டியைத் துழாவினாள். "சாரே, கொஞ்சம் மிச்சம் இருந்ததல்லோ?"

"கரண்ட் போய்க் கெட்டுப்போச்சு. கொட்டிட்டேன்."

"போட்டே, போனாப் போகட்டும்... வேற முயலுக்கு ஊசி போடலாம்." குளிர்பெட்டியை மெல்ல மூடினாள்.

புது முயல் ஆன்டிபாடி தருமுன்பே அவளுடைய உதவித்தொகை முடிந்தது. ஆய்வை முடிக்காமலே ஊர் திரும்பினாள்.

மகளுக்கு வந்தது சாதாரணக் காய்ச்சல்தான். தானே இறங்கிவிட்டது. ஆனால் அவளோ, "அப்பா தன் கையாலயே ரத்தம் எடுத்துச் சோதிச்சு என்னைக் காப்பாத்தினார்" என்று இன்றும் எல்லாரிடமும் சொல்கிறாள். உண்மையைச் சொல்ல வாயெடுப்பேன். அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிடுவேன்.

அப்போதும் மனத்தின் ஒரு மூலை வெட்கமில்லாமல் கேட்கிறது: அந்தக் கோடு காய்ச்சலால் வந்ததுதானா?

இந்த மனத்தை நான் என்ன செய்வேன்...