சத்தம் புகாத அறையில் பொன்னி அரிசி

வானதிக்கு அந்த அறையின் பூட்டைப் பார்த்தாலே முகம் சுளித்துவிடும். தஞ்சாவூர்ப் பக்கத்து மருத்துவமனை ஒன்றில், குழந்தைகளுக்குக் காது எவ்வளவு கேட்கிறது என்று சோதித்துச் சொல்வது அவள் வேலை. அதற்கென்றே சத்தம் புகாத அறை ஒன்று கட்டிக் கொடுத்திருந்தார்கள். எலி ஏறாது, ஈரம் தட்டாது. அலுவலக மேலாளர் சாரங்கபாணி விடுவாரா? தாளடி நெல் அறுவடை முடிந்ததும், தன் வயல் குத்தகைக்காரர் அரைத்துக் கொண்டுவந்து போட்ட வருஷத்து அரிசியை அதற்குள் அடுக்கிவிட்டார். ஆளுக்குக் கொஞ்சம் அளந்து கொடுத்து எல்லார் வாயையும் அடைத்தார். வானதி வீட்டிலும் அந்தச் சோறு வெந்தது. நினைத்தால் தன் மேலேயே அவளுக்கு அருவருப்பு.

சோதனை நடந்தது வராந்தாவில், ஜெனரேட்டர் பக்கத்தில். அந்த அறையிலிருந்து எடுத்து வந்த ஹெட்போனைத் தட்டினால் அரிசி வண்டு உதிர்ந்தது.

அஸாருக்கு ஏழு வயது. அவன் அம்மா பர்வீன் அதிராம்பட்டினத்திலிருந்து மூன்றாம் முறையாகக் கூட்டி வந்திருந்தாள். செவிப்பறைக்குப் பின்னால் பசைபோல நீர் கோத்திருப்பது டாக்டருக்குத் தெரியும். ஆனால் எவ்வளவு கேட்கிறது என்று சரியான அளவு கைக்கு வராமல் ஆபரேஷனுக்குத் தேதி தர மாட்டார். வராந்தா இரைச்சலில் எடுத்த அளவு எதற்கும் உதவவில்லை.

“இந்த மாசத்துக்குள்ள சரி பண்ணலைன்னா வேற ஸ்கூல் பாத்துக்கங்கன்னுட்டாங்க மேடம். புள்ள மந்தமாம்.”

வானதி சாரங்கபாணியிடம் போனாள்.

“வெளிய வச்சா எலி கடிச்சிடும்மா. ஒரு மாசம் பொறுங்க. காதுதானே, உயிரா போகுது?” என்றார், பல் குத்திக்கொண்டே.

சீ என்றிருந்தது அவளுக்கு. அவர் எழுந்து வெளியே போனதும், மேசையில் கிடந்த சாவியை எடுத்துக்கொண்டு நேரே வந்து அறையைத் திறந்தாள். அவளும் பர்வீனுமாக மூட்டைகளை வராந்தாவுக்கு இழுத்துப் போட்டார்கள். பிறகு அஸாரை உள்ளே உட்காரவைத்து, சத்தம் கேட்டால் கையைத் தூக்கும்படி சைகை காட்டினாள். வெகுநேரம் அவன் கை மடியிலேயே கிடந்தது. ஒலியைக் கூட்டிக்கொண்டே போனாள். கடைசியில் கையைத் தூக்கிச் சிரித்தான். அளவைப் பார்த்த டாக்டர் வரும் வியாழக்கிழமைக்கே தேதி கொடுத்தார்.

ஆபரேஷன் சீட்டு வரும்வரை அஸார் வராந்தாவில் ஒரு மூட்டைமேல் ஏறி, ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான். விஷயம் தெரிந்து சாரங்கபாணி ஓடி வந்தார்.

“டேய், அரிசி மேல உக்காரலாமா? லட்சுமிடா அது. எறங்கு.”

பையன் திரும்பவில்லை. அவர் மூட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு இன்னும் உரக்கக் கத்தினார்.

“எறங்குன்னா கேக்கல? செவிடாடா நீ?”

“ஆமாங்க,” என்றாள் பர்வீன். “அதைச் சரி பண்ணத்தான் இங்க வந்தோம்.”