பாண்டிலட்சுமி பார்க்கப் போன வாணவேடிக்கை

பாண்டிலட்சுமிக்கு நாப்பத்தாறு வயசு. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில இருபத்திரண்டு வருஷமா வேலை. அந்தக் கம்பெனிக்கு ஆள் ஏத்துற வேனை நான்தான் ஓட்டுறேன். அதனால அவளைப் பத்தி எனக்குத் தெரியும்.

அவ வேலை இதுதான். மணி மருந்துன்னு ஒண்ணு, மிளகு கணக்கா உருட்டிக் காய வெச்சிருப்பாக. அதைக் காகித உருண்டைக்குள்ள வரிசையா அடுக்கணும். மேல போய் வெடிக்கிறப்ப கலர் கலரா சிதறுறது அதுதான். எந்தக் கலர் முதல்ல, எது பிந்தின்னு வடக்க இருந்து வர்ற ஆர்டர்ல எழுதியிருக்கும். அப்படியே அடுக்கணும். லோடு ஏறுனா டெல்லிக்கோ பம்பாய்க்கோ போயிரும். அங்க எவன் தலைக்கு மேல விரிஞ்சதோ, எப்படி விரிஞ்சதோ, இவளுக்குத் தெரியாது.

போன வருஷம் விருதுநகர்ல ஒரு காலேஜ்ல மூணு நாள் கலைவிழா. பரதம், பட்டிமன்றம், கரகாட்டம். ஊர் பூரா தட்டி கட்டியிருந்தான், 'அனுமதி இலவசம், அனைவரும் வருக'ன்னு. கடைசி நாள் வாணவேடிக்கை. எங்க முதலாளி சும்மா குடுக்குறதா ஒத்துக்கிட்டாரு.

போர்மேன் ராஜசிங் பாண்டிலட்சுமியைக் கூப்பிட்டாரு. “ஏத்தா, பெரிய உருண்டை ஒண்ணு அடுக்கணும். இலவசமாக் குடுக்குறதுதானே, ஆர்டர்னு ஒண்ணும் இல்ல. உன் இஷ்டத்துக்கு அடுக்கு. அதைத்தான் முதல்ல விடுறாக.”

இருபத்திரண்டு வருஷத்துல அவ இஷ்டத்துக்குன்னு ஒரு உருண்டை. மூணு நாள் யோசிச்சு அடுக்குனா. சிவப்பு விரிஞ்சு அடங்கணும், அப்புறம் பச்சை, கடைசியில வெள்ளை. வேன்ல எல்லாருகிட்டயும் இதே பேச்சு. கூட வேலை பார்க்குற உக்கிரபாண்டி கேட்டான், “என்னக்கா, உருண்டைக்குப் பேரு வெச்சாச்சா?”

“போலே. அது விரியறதை இந்தக் கண்ணால ஒருக்கா பார்த்துட்டாப் போதும்லே.”

விழாவோட கடைசி நாள் அவளைக் கூட்டிட்டுப் போனது நான்தான். குளிச்சு, நல்ல சேலை கட்டி, தலை நிறையப் பூ வெச்சு வந்தா. நாற்காலி எல்லாம் பெரிய மனுசங்களுக்கு. மேடைக்குப் பக்கத்துல புல்தரை காலியா இருந்துச்சு. நல்ல இடமாச்சேன்னு உக்காந்தோம். வெடி விடுற குழாயை மேடைக்குப் பின்னாலதான் புதைச்சிருக்கான்னு எங்களுக்கு யாரும் சொல்லல.

ஏழு மணி இருக்கும். பேசிக்கிட்டிருந்த வாத்தியார் பேச்சை நிறுத்துனாரு. பாட்டு நின்னுச்சு. லைட்டு எல்லாம் பொசுக்குனு அணைஞ்சது. மருந்து வாடை மூக்குல ஏறுச்சு. மேடைக்குப் பின்னால இருந்து ‘டும்’.

கம்பெனியில சேர்ற அன்னைக்கே சொல்லிக் குடுக்குறது ஒண்ணு உண்டு. சத்தம் கேட்டா திரும்பிப் பார்க்காத, மேல பார்க்காத, ஓடு, குப்புற விழு, முகத்தை மூடு. ஒன்பது வருஷத்துக்கு முந்தி பக்கத்து அறை வெடிச்சப்ப, கூட ஓடியாந்த கனகமணி என்னன்னு திரும்பிப் பார்த்தா. பாண்டிலட்சுமி பார்க்கல. அதான் இவ இருக்கா, கனகமணி இல்ல.

அன்னைக்கும் அவ பார்க்கல. நாலு எட்டு ஓடி, குப்புற விழுந்து, சேலையால முகத்தை இறுக்கி மூடிக்கிட்டா.

மேல பட்டுன்னு விரிஞ்ச சத்தம். கூட்டம் ‘ஓ’ன்னு கத்துச்சு. கை தட்டுச்சு.

அவ எந்திரிக்கிறதுக்குள்ள அவ உருண்டை விரிஞ்சு முடிஞ்சிருச்சு. பின்னால சின்னச் சின்னதா வேற அறை ஆளுக செஞ்சது போய்க்கிட்டிருந்துச்சு. அவ தலைப் பூ எல்லாம் உதிர்ந்து கிடந்துச்சு. “அண்ணே, எப்படி விரிஞ்சது?”ன்னா.

நானும் பார்க்கல. சுவரோரத்துக்கு ஓடி, சுவரைப் பார்த்துக் காதைப் பொத்திக்கிட்டு நின்னேன். எனக்கும் அதே கம்பெனிப் பழக்கம்தான்.

பக்கத்துல அஞ்சாறு காலேஜ் பிள்ளைக விழுந்து விழுந்து சிரிச்சதுக. ஒருத்தி கையில செல்லு. பேரு பிரீத்திகாவாம், கூட இருந்ததுக கூப்பிட்டதுக. பாண்டிலட்சுமி அவகிட்டப் போனா.

“தாயி, நீ படம் பிடிச்சியா? முதல்ல போச்சே, அதைக் காட்டு.”

அந்தப் பிள்ளைக்குச் சிரிப்பு நின்னு போச்சு. “அது வந்து... ஆன்ட்டி...”ன்னு இழுத்துட்டுக் காட்டுச்சு.

அதுல வானம் இல்ல. புல்லுல குப்புறக் கிடக்குற பாண்டிலட்சுமிதான் இருந்தா. சுத்தியும் சிரிப்புச் சத்தம். அவ முதுகு சிவப்பாச்சு. பச்சையாச்சு. வெள்ளையாச்சு. அம்புட்டுதான்.

“இன்னொருக்கா போடு.”

மூணு தடவை பார்த்தா. செல்லைத் திருப்பிக் குடுத்துட்டு, “பச்சை கொஞ்சம் முந்திருச்சு”ன்னா.

மறுநாள் காலையில அந்தப் படம் என் வேன்ல இருந்த எல்லா செல்லுலயும் வந்திருச்சு. பின்னால காமெடிப் பாட்டு வேற சேர்த்திருந்தான் எவனோ. உக்கிரபாண்டி மட்டும் பார்க்காம செல்லைச் சட்டைப் பைக்குள்ள போட்டுக்கிட்டான்.

கம்பெனி வாசல்ல ராஜசிங் நின்னாரு. “என்னத்தா, பார்த்தியா?”

“பார்த்தேன் சார். பச்சை முந்திருச்சு. அடுத்தவாட்டி ஒரு வரிசை தள்ளி வெச்சாச் சரியாப்போகும்.”

“அடுத்தவாட்டியா? நல்ல ஆளு நீ. ஜெய்ப்பூர் ஆர்டர் வந்திருக்கு. அவன் எழுதுனபடி அடுக்கு, போ.”

போய் உக்காந்து அடுக்குனா.