இல்லாத கடைக்கு ஒதுக்கி வைத்த சரக்கு

போன வருடம் ஆடித் திருவிழாக் கூட்டமெல்லாம் ஓய்ந்த பிறகு, ஒரு நாள் கொல்லிமலைக்குப் போனேன். சுற்றிப் பார்க்கப் போயிருந்தால் எழுத ஒன்றும் இருந்திருக்காது. பொய் சொல்லி ஒரு காரியத்தைச் சாதித்துக்கொள்ளப் போனேன்.

மலையடிவாரத்தில், காளப்பநாயக்கன்பட்டிக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு சிறுதானியத் தயாரிப்புக் கூடம் இருக்கிறது. தினை சேமியா, ராகி சேமியா, சாமை அரிசி, சத்துமாவு எல்லாம் செய்கிறோம். நானும் மனைவியும் வீட்டு முன்னறையில் தொடங்கியது. இப்போது பெரிய கொட்டகை, மெஷின்கள், வேலைக்குப் பெண்கள் என்று வளர்ந்துவிட்டது. ஆனால் எது எவ்வளவு கையிருப்பில் இருக்கிறது என்பது மட்டும் பாதி என் ஞாபகத்திலும் பாதி அவள் ஞாபகத்திலும்தான் இருந்தது. தினை மூட்டை கூரையைத் தொடும். பாக்கெட் கவர் தீர்ந்து போயிருக்கும். புது மாவு முதலில் கடைக்குப் போய்விடும். பழையது பின்வரிசையில் வண்டு பிடித்துக் கிடக்கும். ஒருதடவை சேலத்துக் கடை ஒன்று முழு லோடையும் திருப்பி அனுப்பியது. இனி தாங்காது, சரக்கு இருப்பைப் பார்த்துக்கொள்ள ஒரு சாஃப்ட்வேர் வாங்கியே தீருவது என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தோம்.

மூன்று கம்பெனிக்காரர்கள் வந்து லேப்டாப்பில் காட்டினார்கள். மூன்றுமே பார்க்க அழகாக இருந்தன. நான் எதைக் கேட்டாலும் "அதெல்லாம் வரும் சார்" என்றார்கள். எதைக் கேட்க வேண்டும் என்பதே எனக்குத் தெரியாதது அவர்களுக்கு வசதியாகப் போயிற்று.

அந்த நேரத்தில் எங்கள் சரக்கை ஏற்றும் லாரி டிரைவர் ஒரு விஷயம் சொன்னார். மலைமேல் செம்மேட்டைத் தாண்டி ஒரு பெண் இதே தொழில் செய்கிறார், அவர் போனிலேயே மொத்த இருப்பையும் பார்க்கிறார், லோடு கேட்டால் ஒருநாளும் தவறியதில்லை என்றார். அவர் யாரென்று எனக்குத் தெரியும். கடைகளில் எங்கள் பாக்கெட்டுக்குப் பக்கத்திலேயே அவருடைய பாக்கெட் இருக்கும். போட்டிக்காரன் போய்க் கேட்டால் யார் சொல்வார்கள்? எனவே போன் செய்து, கோயமுத்தூரில் கடை வைத்திருப்பதாகவும், அவர் சரக்கை வாங்கி விற்க ஆசைப்படுவதாகவும் சொன்னேன். கடைக்குப் பெயர் கேட்டார். வாயில் வந்த ஒரு பெயரைச் சொன்னேன். எங்கள் வேனில் கம்பெனிப் பெயர் பெரிதாக எழுதியிருப்பதால் பஸ்ஸில் கிளம்பினேன்.

கொண்டை ஊசி வளைவுகளில் குடல் புரண்டு இறங்கியபோது, பஸ் நிற்கும் இடத்திலேயே அவர் ஸ்கூட்டரோடு காத்திருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும்.

"கோயமுத்தூர்ல இருந்து யாரும் இதுவரைக்கும் நேர்ல வந்ததில்லீங்கண்ணா. எல்லாரும் போன்லயே வெலையக் கொறைச்சுக் கேட்டுட்டு வெச்சிருவாங்க" என்றார்.

நான் வருவதற்காகக் கூடத்தை அலசிவிட்டிருந்தார்கள். தரை இன்னும் ஈரமாக இருந்தது. வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் எழுந்து நின்று கும்பிட்டார்கள். அப்போதே கொஞ்சம் உறுத்தியது. ஆனால் வந்த காரியம் முக்கியம் என்று, வாங்க வந்தவன் கேட்பது போலவே கேட்டேன்.

"லோடு கேட்டா நேரத்துக்குக் கெடைக்குங்களா அம்மணி? இத்தனை சரக்கை எப்படிக் கணக்கா வெச்சிருக்கீங்க?"

அவருக்கு முகமெல்லாம் சந்தோஷம். போனை எடுத்துக் காட்டினார். ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு ஸ்டிக்கர். போனை அதன்மேல் காட்டினால் எப்போது வந்தது, எதை முதலில் எடுத்து அரைக்க வேண்டும் என்று வருகிறது. சொந்தக்காரர் ஒருவரும் இப்படி ஒன்று வாங்கப் போகிறார் என்று இன்னொரு பொய்யைச் சொன்னேன். அவ்வளவுதான், தான் ஏமாந்த கதையையெல்லாம் ஒளிக்காமல் சொன்னார்.

முதலில் வாங்கிய சாஃப்ட்வேர் மளிகைக் கடைக்கானதாம். வாங்குவதும் விற்பதும்தான் அதற்குத் தெரியும். "ஒரு மூட்டை சாமையக் குத்துனா உமி போயி எடை கொறையுமில்லீங்களா? அதுக்கு அது தெரியல. தெனமும் சரக்குக் களவு போன மாதிரியே காட்டிட்டு இருந்துச்சு" என்று சிரித்தார். அடுத்தது இன்டர்நெட் இல்லாவிட்டால் திறக்கவே திறக்காது. மலையில் மழை பிடித்தால் சிக்னல் ஏது? லோடு ஏற்றும் நேரத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்களாம். மூன்றாவதுதான் இது. சிக்னல் இல்லாதபோது போனிலேயே எழுதி வைத்துக்கொண்டு, வந்தவுடன் அனுப்பிவிடுகிறது.

"அவங்க காட்டற சரக்கு எப்பவும் சரியாத்தாங்கண்ணா இருக்கும். வாங்கறதுக்கு முன்னாடி நம்ம சரக்கையே போட்டுக் கொஞ்ச நாள் ஓட்டிப் பாத்தரோணும். அப்பறம் வேண்டாம்னு விட்டாலும் நம்ம கணக்க நம்ம கையில குடுப்பாங்களான்னு கேட்டுக்கோணும். உங்க சொந்தக்காரர்கிட்ட மறக்காம சொல்லீருங்க."

மதியம் சாப்பிடாமல் விடவில்லை. சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும். வேலை செய்கிறவர்களில் வயதான ஓர் அம்மா பக்கத்திலேயே நின்று பரிமாறினார். "இன்னுங் கொஞ்சம் போட்டுக்கங்க சாமி. அவ்வளவு தூரம் பஸ்ஸுல போகோணும்" என்று சொல்லிச் சொல்லிப் போட்டார். நன்றாகவே சாப்பிட்டேன்.

கிளம்பும்போது கூடத்துக்காரப் பெண் முதல் லோடு எவ்வளவு வேண்டும் என்று கேட்டார். கொஞ்சமாகச் சொன்னால் சந்தேகம் வரும் என்று, பெரிதாகவே ஓர் எண்ணிக்கையைச் சொன்னேன். அவர் என் கண்ணெதிரில் அந்த இல்லாத கடையின் பெயரை போனில் அடித்தார்.

"ஒதுக்கி வெச்சுட்டேங்கண்ணா. இனி வேற யாரு கேட்டாலும் இது இருப்புல காட்டாது."

வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் பெரிய ஆர்டர் வந்த சந்தோஷத்தில் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

கீழே வந்து, அவர் சொன்னதையெல்லாம் அந்த மூன்று கம்பெனிகளிடமும் கேட்டேன். இரண்டு பேர் அப்புறம் வரவேயில்லை. மூன்றாமவருடையதை எங்கள் சரக்கிலேயே ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்கினோம். நன்றாக வேலை செய்தது. நடுவில் மலையிலிருந்து அந்தப் பெண் போன் செய்தார்.

"லாரி கோயமுத்தூர் போகுதுங்கண்ணா. உங்க லோடு ரெடியா இருக்கு, ஏத்தியுடட்டுங்களா?"

கடையில் பெயின்ட் வேலை நடக்கிறது என்றேன். மறுபடி கூப்பிட்டபோது அடுத்த வாரம் என்றேன். அதற்குப் பிறகு அவர் நம்பரைப் பார்த்தால் எடுப்பதில்லை.

ஒரு நாள் மனைவி வழக்கமான கடை ஒன்றின் ஆர்டரை எங்கள் சாஃப்ட்வேரில் பதிந்தாள். பதிந்தவுடன் அத்தனை பெட்டியும் விற்பனை இருப்பிலிருந்து குறைந்துவிட்டது. பார்த்துக்கொண்டிருந்த எனக்கு மலைமேல் என் பேச்சை நம்பி ஒதுக்கி வைத்த பெட்டிகள் ஞாபகத்துக்கு வந்தன. அவளிடம் அதுவரை சொல்லாததை அன்று சொன்னேன். வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"ஏனுங்க, அப்ப அந்தப் புள்ள இன்னும் அதை யாருக்கும் விக்காமயா வெச்சிருக்கும்? நம்ம லோடு திரும்பி வந்த அன்னிக்கு நீங்க சோறு உங்காம உக்காந்திருந்தீங்களே."

போனில் சொல்லிவிடுகிறேன் என்றேன். "போன்ல வேண்டாம். நம்ம பேரு எழுதுன ஊட்டு வண்டியிலயே போங்க" என்றாள்.

வேனைக் கொண்டுபோய் அவர் கூடத்தின் முன்னால் நிறுத்தினேன். சத்தம் கேட்டு அவர் வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்கண்ணா, நீங்களே வண்டி கொண்டாந்துட்டீங்களா?"

அப்புறம்தான் வேனின் பக்கவாட்டில் எழுதியிருந்த பெயரைப் படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார் என்று நினைக்கிறேன். நான் தலையைத் தூக்காமலே எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப கோயமுத்தூர்ல கடையே இல்லீங்களா?"

"இல்லம்மா."

போனை எடுத்து எதையோ அழித்தார். "நாமக்கல்ல ஒரு ஹாஸ்டலுக்குக் கேட்டாங்க. இருப்பு இல்லீன்னு சொல்லிட்டேன்" என்றார். குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும். அத்தனை பெட்டியையும் நானே விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.

"வேண்டாமுங்க. எங்க சரக்கை நாங்களே வித்துக்குவோம்."

எனக்குச் சோறு போட்ட அம்மா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அப்படியே திரும்பி உள்ளே போய்விட்டார். நேரில் கேட்டால் சொல்லமாட்டீர்கள் என்று நினைத்துவிட்டேன் என்று உளறினேன். அந்தப் பெண் வேனில் எழுதியிருந்த பெயரை இன்னொரு தடவை பார்த்தார்.

"சொல்லியிருப்பேனோ என்னமோ, தெரியலீங்க. ஒரே தொழில்தானுங்களே. ஆனா சோறு போட்டிருப்பேன்."

வண்டிச் சத்தம் கேட்டு வெளியே வந்தபோது அவர் கூப்பிட்ட "அண்ணா"தான் கடைசி, அதன்பிறகு ஒருமுறைகூட அப்படிக் கூப்பிடவில்லை என்பது பாதி மலை இறங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

அந்த ஹாஸ்டல்காரரை விசாரித்துக் கண்டுபிடித்து, மலையில் சரக்கு இருக்கிறது என்று சொன்னேன். அதற்குள் அவர் வேறு இடத்தில் வாங்கிவிட்டிருந்தார். கடைசியில் அந்தப் பெட்டிகளைப் பேளுக்குறிச்சிச் சந்தையில் விலையைக் குறைத்துத் தள்ளிவிட்டார்களாம். லாரி டிரைவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு விஷயம் தெரியாது.

இப்போதெல்லாம் எங்கள் கூடத்தில் மாவு வண்டு பிடிப்பதில்லை, கவர் தீர்ந்து வேலை நிற்பதில்லை. சிறுதொழில் செய்கிறவர்கள் சிலர் எங்களிடம் வந்து, எப்படிப்பட்ட சாஃப்ட்வேர் வாங்கலாம் என்று கேட்கிறார்கள். எங்கள் சரக்குக்கே போட்டியாக வரக்கூடியவர்கள் என்று தெரிந்தாலும், உமி போவது முதல் சிக்னல் இல்லாதது வரை ஒன்றுவிடாமல் சொல்கிறேன். ஆனால் இதையெல்லாம் உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று அவர்கள் கேட்டுவிடக் கூடாதே என்று இன்றைக்கும் ஒவ்வொரு தடவையும் பயமாக இருக்கிறது.