செடிக் கூட்டத்தின் கண்கள்

சுலைகாவுக்கு எதிரே உட்கார்ந்து காபி குடிப்பது கஷ்டம். நம் கோப்பை பாதி காலியாவதற்குள் அவள் எழுந்து ஜன்னலைச் சாத்தி, கொடியில் கிடக்கும் துணியின் ஈரத்தைத் தொட்டுப் பார்த்து, தெருவில் யாரோ கத்தியதற்குப் பதிலுக்குக் கத்திவிட்டு வந்திருப்பாள். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுபோய் வருஷக்கணக்காகிறது. ஐந்தாம் மாடிக்காரியான அவள் மட்டும் அதைப் பற்றிக் குறை சொன்னதில்லை. "ஏறி இறங்கினாத்தான் எனக்கு மூச்சே வருது" என்பாள்.

இப்படிப்பட்டவள் பிழைப்புக்குச் செய்தது, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு செய்கிற வேலை. அல்ஜியர்ஸ் துறைமுகம் முழுவதும் தெரிகிற குன்றின் மேல் ஓர் ஆய்வுக்கூடம். அங்கே எலிகளின் விழித்திரையைப் பிரித்தெடுப்பவள் அவள். எலியின் கண் ஒரு குன்றிமணி அளவு இருக்கும். அதைத் திறந்து, உள்ளே வெங்காயத்தோலைவிட மெல்லிதாக ஒட்டியிருக்கும் திரையைக் கிழியாமல் தூரிகையால் தள்ளி எடுத்து, நான்கு பக்கமும் வெட்டுக் கொடுத்து, பூ மாதிரி விரித்துக் கண்ணாடித் தகட்டில் படியவைக்க வேண்டும். அந்த நேரத்தில் அவள் கையைப் பார்த்தால் வேறு யாருடைய கையையோ கடன் வாங்கி வந்தது போலிருக்கும்.

தகட்டில் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் வைத்தால், இருட்டில் பச்சைப் பச்சையாகச் சில செல்கள் தெரியும். விழித்திரைக்குள்ளேயே குடியிருக்கும் நோய் எதிர்ப்புச் செல்கள் அவை. நமக்கும் உண்டு, ஆட்டுக்கும் உண்டு, மீனுக்கும் உண்டு. சின்ன உடம்பு, அதிலிருந்து நாலா பக்கமும் மெல்லிய கிளைகள். உயிருள்ள கண்ணில் அந்தக் கிளைகள் ஒரு கணமும் சும்மா இருப்பதில்லை. நீளும், மடங்கும், பக்கத்தில் இருப்பதையெல்லாம் தடவிப் பார்க்கும். செல் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். ஏதாவது கெட்டுப்போனால் கிளைகளை உள்ளே இழுத்துக்கொண்டு, உடம்பு உப்பி, கெட்டதை விழுங்கக் கிளம்பிவிடும்.

"சின்னம்மா, உங்களுக்குச் சாயம் ஏத்திப் பாத்தாலும் இப்படித்தான் இருப்பீங்க" என்று தாவூஸ் கேலி செய்வாள். தாவூஸ் அங்கே முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்த பெண்.

"போடி. நானாவது ரெண்டு தெரு தள்ளிப் போய் மீன் வாங்கிட்டு வர்றேன். இதுங்க பாவம், இடத்தை விட்டு நகர முடியாம தவிக்குதுங்க."

அமைதிதான் ஆரோக்கியம் என்று நான் படித்த பெரியவர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் யாரும் தங்கள் கண்ணுக்குள் குடியிருப்பதைப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன்.

தாவூஸின் ஆய்வு மணல் எலியைப் பற்றியது. எங்கள் தெற்குப் பாலைவனத்தில் உவர்ச்செடியை மட்டும் தின்று திரியும் பருத்த எலி. பகலில் வெளியே வரும், பின்னங்காலில் நின்று சுற்றும் முற்றும் பார்க்கும். அந்தச் செடியை நிறுத்திவிட்டுக் கடையில் விற்கும் எலித் தீனியைக் கொடுத்தால் போதும், அதற்குச் சர்க்கரை நோய் வந்துவிடும். தீனி தின்னும் எலிகள் ஒரு கூட்டம், செடி மட்டும் தின்னும் எலிகள் ஒரு கூட்டம். செடிக் கூட்டத்தின் கண்களில் இந்தக் காவல் செல்கள் மெலிந்த கிளைகளோடு இருக்க வேண்டும். தீனிக் கூட்டத்தில் உப்பியிருக்க வேண்டும். ஆய்வே அந்த வித்தியாசத்தின் மேல்தான் நின்றது.

நோன்புப் பெருநாள் முடிந்து முதல் தொகுதிக் கண்களைச் சுலைகா பிரித்துக் கொடுத்தாள். செடிக் கூட்டத்திலும் செல்கள் உப்பியிருந்தன.

கண்ணை எடுத்து மருந்தில் போடத் தாமதமானாலும் இந்தச் செல்கள் உப்பிக்கொள்ளும். தடுமாறும் கை திரையை அழுத்தினாலும் அப்படித்தான். எலிகளின் ரத்தத்தில் காலையில் பார்த்த சர்க்கரை அளவு சரியாக இருந்தது. ஆகவே எல்லார் கண்ணும் சுலைகாவின் கைக்குப் போயிற்று.

ஆய்வுக்கூடத்தின் தலைவர் ஷெர்ஷாலி நல்ல மனிதர். அதாவது கெட்ட செய்தியை மரியாதையாகச் சொல்லத் தெரிந்தவர்.

"மதாம் சுலைகா, இத்தனை வருஷம் உங்க கையை நம்பித்தான் இந்தக் கூடமே ஓடுச்சு. ஆனா வயசுன்னு ஒண்ணு இருக்கு. இன்னொரு தொகுதியும் இப்படி வந்தா தாவூஸோட படிப்பு போயிடும். உங்க இடத்துக்கு ஒராண்லேர்ந்து ஒரு பொண்ணு வர்றா. நீங்க கண்ணாடிச் சாமான் அறையைப் பாத்துக்கங்க."

"பாட்டில் கழுவுற அறையைச் சொல்றீங்க."

"சம்பளம் குறையாது."

"சம்பளத்தை யாரு கேட்டா?"

அந்த வாரம் எங்கள் படிக்கட்டு பட்ட பாடு சொல்லி மாளாது. காலையில் இறங்குவாள், மாடியில் எதையோ மறந்தவள் போல ஏறுவாள், மறுபடி இறங்குவாள். ஒரு மாலை என் கதவைத் தட்டி, ஒரு தாளை உள்ளங்கை மேல் வைத்து நீட்டினாள்.

"பாருங்க. ஆடுதா?"

"காத்துல ஆடுது."

"ஜன்னலைச் சாத்திட்டுப் பாருங்க."

சாத்திவிட்டுப் பார்த்தேன். லேசாக ஆடியது. யார் கையில் வைத்தாலும் அவ்வளவு ஆடும் என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. தன் உடம்பில் ஒரு பாகத்தைச் சந்தேகப்பட ஆரம்பித்தவருக்குப் பக்கத்து வீட்டுக்காரன் சொல்லும் ஆறுதல் எம்மாத்திரம்? தாளைக் கசக்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை ஆடு அறுக்கும் தொட்டிக்குப் போனாள், பையில் மருந்துப் புட்டியும் கத்தரிகளும் தூரிகையுமாக. அங்கே கறி வெட்டும் மூலூத் அவள் மாமா மகன்.

"தலைக்கறியா? தீயில வாட்டித் தரட்டுமா?"

"கண்ணு மட்டும் குடு. அறுத்த சூடு ஆறக் கூடாது."

"கண்ணு மட்டுமா? மீதித் தலையை யாரு வாங்குவா? கண்ணில்லாத தலையை வச்சு யாவாரம் பண்ணா, மூலூத் நோயாடு விக்கிறான்னு ஊரே பேசும்."

"தலையை நானே வாங்கிக்கிறேன், பேசாம குடுடா."

"புருஷன் தலையையே தின்னவ, ஆட்டுத் தலைக்கா அஞ்சப் போற" என்று சொல்லிவிட்டு அவன் சிரித்தான், அவளும் சிரித்தாள். அவளுடைய புருஷன் கடல் தாண்டி மார்ஸேயில் நன்றாகத்தான் இருக்கிறான்.

ரத்தம் கழுவும் தொட்டியின் விளிம்பிலேயே அவள் அந்தக் கண்ணைத் திறந்தாள். சுற்றிலும் ஆட்டுக்காரர்களின் கூச்சல், காலடியில் நீர். பெரிய கண், ஆனால் அதே திரை, அதே அவசரம். எடுத்து மருந்தில் போட்டாள். ஆய்வுக்கூடத்தில் அதைச் சாயம் ஏற்றிப் பார்த்தபோது, செல்கள் ஒவ்வொன்றும் மெலிந்த உடம்போடு, நுனி வரை விரிந்த கிளைகளோடு இருந்தன. எங்கேயும் உப்பல் இல்லை.

தாவூஸைக் கூப்பிட்டுக் காட்டினாள். தாவூஸ் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "ஆடு வேற, எலி வேற, சின்னம்மா" என்றாள்.

"கை ஒண்ணுதானே?"

"ப்ரொஃபஸர் அப்படிச் சொல்ல மாட்டாரு." அந்தப் பெண்ணுக்கு அப்போது அழுகை வரும் நிலை. அவளைக் குறை சொல்ல நான் தயாரில்லை.

கை சரி என்றால் எலியில்தான் கோளாறு. சுலைகா எலிகளை வெறும் கண்களாகத்தான் பார்த்தவள். உயிரோடு இருக்கும் எலிகளின் கூடத்துக்கு அவள் போவது அபூர்வம். அன்று மதியம் கீழே இறங்கிப் போனாள். ஆய்வுக்கூடத்தின் பின்புறம், அத்திமரத்தடியில் நீளமான ஓர் ஓட்டுக் கட்டடம். அதைப் பார்த்துக்கொண்டவர் பூஜெமா. தெற்கே பெனி அப்பேஸ்காரர். எலிகள் பிடிபட்ட அதே மணல்காட்டில் பிறந்தவர். உவர்ச்செடியைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி, கழுவி, ஈரம் துடைத்து வைப்பவர். அவர்மேல் சந்தேகப்பட அவளுக்குத் தோன்றவே இல்லை.

"வாங்க தங்கச்சி. மேல்மாடி ஆளுங்க வழி தவறி வந்துட்டீங்களா?"

"சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன், ஹாஜியாரே."

"நான் இன்னும் ஹஜ்ஜுக்கே போகல. அதுக்குள்ள பட்டம் குடுத்துட்டீங்க."

கூண்டுகளைச் சுற்றிச் சுற்றி வந்தாள். தண்ணீர், வைக்கோல், செடி, எல்லாம் சரியாகவே இருந்தது. அவளுக்கு நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. காலையிலிருந்து சாப்பிடாதது நினைவுக்கு வந்து, பையிலிருந்து கடலை மாவு அடை வைத்த ரொட்டியை எடுத்துக் காகிதத்தைப் பிரித்தாள்.

காகிதம் சரசரத்ததும் அத்தனை எலிகளும் கூண்டின் முன்பக்கம் ஓடி வந்தன. பின்னங்காலில் எழுந்து நின்று, முன்னங்கால்களால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவள் கையையே பார்த்தன. செடிக் கூட்டமும்தான். செடியைத் தவிர வேறொன்றின் ருசியும் தெரிந்திருக்கக் கூடாத கூட்டம்.

ரொட்டி அவள் வாயருகிலேயே நின்றுவிட்டது.

"ஹாஜியாரே, இதுங்களுக்கு ரொட்டி தெரியுமா?"

"தெரியாம? நோன்பு மாசம் பூரா ஒண்ணாத்தானே நோன்பு திறந்தோம்." பூஜெமா ஒளிக்கவில்லை. ஒளிக்க என்ன இருக்கிறது என்பது போலச் சொன்னார். "சாயங்காலம் எனக்கு இங்கதான் காவல். பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தைக் கையில எடுப்பேன். எல்லாம் எந்திரிச்சு நின்னு பாக்கும். பாக்குற கண்ணு முன்னால தனியா எப்படித் தங்கச்சி தின்கிறது? நீங்க தின்பீங்களா? ஆளுக்கொரு துண்டு பழம், ஒரு துண்டு ரொட்டி. தீனிக் கூட்டத்துக்கும் குடுத்தேன், செடிக் கூட்டத்துக்கும் குடுத்தேன். பந்தியில பாகுபாடு பாப்பாங்களா?"

"தினமுமா?"

"ஒரு நாள் விட்டிருந்தா பாவமில்லையா?"

சாயங்காலம் கொடுத்த இனிப்பு காலைக்குள் ரத்தத்தில் அடங்கியிருக்கும். அளந்து பார்த்த யாருக்கும் தெரியவில்லை. கண்ணுக்குள் இருந்த காவலாளிகளுக்கு மட்டும் தெரிந்துவிட்டது.

சுலைகாவின் மனசு அந்த நிமிஷத்தில் முதலில் குதித்தது. அதை அவளே என்னிடம் சொன்னாள். என் கை இல்லை, என் கை இல்லை என்று. அதற்கப்புறம்தான் கிழவரின் முகம் கண்ணில் பட்டது. சொன்னால் அவர் இங்கே இருக்க முடியாது. சொல்லாவிட்டால் அவள் பாட்டில் கழுவப் போக வேண்டும், தாவூஸ் தப்பான கணக்கின் மேல் இன்னொரு வருஷம் உட்கார வேண்டும்.

கூடத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே விஷயத்தைச் சொன்னாள். நடக்கிற ஆளின் பின்னால் தலையைத் திருப்பித் திருப்பிப் பூஜெமா கேட்டார்.

"பழம் தின்னா கண்ணு கெடுமா?"

"இதுங்களுக்குக் கெடும்."

"எங்க ஊர்ல பச்சைப்புள்ளைக்கு முதல்ல வாயில வைக்கிறதே பேரீச்சம்பழம்தான், தங்கச்சி."

"நீங்களே மேல வந்து சொல்லிடுங்க. நான் சொன்னா கோள் சொன்னதா ஆயிடும்."

"முதல்ல காட்டுங்க. பாத்துட்டுத்தான் சொல்லுவேன்."

அழைத்துப் போய் நுண்ணோக்கி முன் உட்காரவைத்தாள். ஒரு கண்ணை மூடத் தெரியாமல் அவர் தலைப்பாகை நுனியால் பொத்திக்கொண்டார். ஆட்டுக் கண்ணைக் காட்டினாள். அவருடைய எலிகளின் கண்ணைக் காட்டினாள். இரண்டையும் மாற்றி மாற்றி வைக்கச் சொன்னார். மெலிந்த கிளைகள் ஒன்றில். கிளை சுருங்கி உருண்டு கிடக்கும் உடம்புகள் இன்னொன்றில்.

"இது எதோட கண்ணு? ஓரத்துக் கூண்டு, காது கிழிஞ்சதா?"

"தெரியல, ஹாஜியாரே."

"நான் குடுக்காம இருந்திருந்தா?"

"மெலிசா இருந்திருக்கும், ஆட்டுக்கு இருக்கிற மாதிரி."

"இப்ப உயிரோட இருந்திருக்குமா?"

சுலைகாவுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "இல்ல. அப்பவும் இந்தத் தகட்டுலதான் இருக்கும்."

அவர் தலைப்பாகையைச் சரி செய்துகொண்டு எழுந்து, அவளுக்கு முன்னாலேயே ஷெர்ஷாலியின் அறைக்கு மாடிப்படி ஏறினார்.

ஷெர்ஷாலி எல்லாவற்றையும் கேட்டார். கோபப்பட வாயைத் திறந்தவர், "பாத்துக்கிட்டே நின்னுச்சுங்க, ஐயா" என்று கிழவர் சொன்னதும் மூடிக்கொண்டார். அந்த அறையில் இருந்த யாராலும் நான் கொடுத்திருக்க மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. எல்லாரும் ஒரே விதமான வீட்டில் வளர்ந்தவர்கள். ஆனாலும் விதி விதிதான். பூஜெமா வாசல் காவலுக்குப் போக வேண்டும். ஆய்வு புது எலிகளோடு முதலிலிருந்து தொடங்கும். சுலைகாவின் நாற்காலி சுலைகாவுக்கே.

அப்போது தாவூஸ்தான் மெதுவாகச் சொன்னாள்: "செடிக் கூட்டத்துல இன்னும் கொஞ்சம் உயிரோட இருக்கு. கொஞ்சமா இனிப்புக் கிடைச்சாலே இந்த செல்லுங்க எவ்வளவு சீக்கிரம் முழிச்சுக்குதுன்னு அதுங்களை வச்சுப் பாக்கலாம். வீணாக்க வேண்டாமே."

படிப்பைக் காப்பாற்றிக்கொள்ளும் பெண் வேறென்ன சொல்வாள்? ஷெர்ஷாலி தலையசைத்தார். "மதாம், உங்க கையாலதான் ஆகணும்."

"ஊருக்குக் கொண்டு போய் விட்டுடட்டுமா?" என்று பூஜெமா ஒருமுறை கேட்டார். ஆய்வுக்கு வந்த விலங்கு வெளியே போகக் கூடாது என்றார்கள்.

மறுநாள் காலை கூண்டுகளை ஒவ்வொன்றாக அவரே தூக்கிவந்து மேசையில் வைத்தார். சுலைகாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை. கடைசிக் கூண்டை வைத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டார்.

அன்று அவள் எடுத்த விழித்திரைகளைப் போல அந்தக் கூடத்தில் யாரும் எடுத்ததில்லை என்றார்கள். ஒரு கிழிசல் இல்லை, ஒரு மடிப்பு இல்லை. ஷெர்ஷாலி வந்து கை குலுக்கினாராம். நான் அந்தப் படங்களைப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தன.

"கை நடுங்கும்னு காத்துக்கிட்டே இருந்தேன்" என்றாள் சுலைகா, என் வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டு. "ஒவ்வொரு கண்ணுக்கும் காத்திருந்தேன். நடுங்கவே இல்ல."

உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போனாள்.