வாசலில் கிடந்த ஆள்

வார நாள்களில் ரொட்டி சுடும் வெதுப்பகத்தில் வேலை செய்யும் பாலாம்பிகை, சனிக்கிழமைகளில் ஜேர்மனியின் டோர்ட்மண்ட் நகரில் தமிழ் வகுப்பு எடுக்கிறாள். படுத்திருப்பவரை மேலால் தாண்டிக் கடக்கக்கூடாது, தெரியாமல் கடந்தால் திரும்பக் கடந்து தோஷத்தைக் கழிக்கவேண்டும் என்றெல்லாம் பிள்ளைகளுக்குப் பழக்கியவள் அவள்தான்.

அன்றைக்கு மாரடைப்பு முதலுதவி பழக்க வந்த தபோதரன், பெரிய பொம்மையொன்றை வகுப்பு வாசலை மறித்துக் கிடத்தி, அதை உண்மையான ஆள் என்று நினைக்கச் சொன்னார். மாணவி ஆதிரை அதன் நெஞ்சை விடாமல் அமுக்கினாள். மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி வெளியே சுவரில் இருந்தது. எடுக்க ஒருவரும் அசையவில்லை.

"ஓடிப் போய் எடுங்கோவன்!" என்றாள் பாலாம்பிகை.

"ஆளைக் கடக்கக்கூடாதெல்லோ, ரீச்சர்?" என்றாள் ஒருத்தி.

"அது பொம்மையடி!"

"ஆள் எண்டு நினைக்கச் சொன்னவர்."

பெருமைப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா? பாலாம்பிகைக்கு ஒன்றும் விளங்கவில்லை. "முருகா" என்று சேலையைத் தூக்கிப் பிடித்துப் பொம்மையைக் கடந்தாள். கருவியை எடுத்துக்கொண்டு திரும்பக் கடந்து வந்தாள்.

ஆதிரை நிம்மதியாக மூச்சு விட்டாள்.

"திரும்பக் கடந்திட்டீங்கள், ரீச்சர். இனி இவருக்கு ஒண்டும் ஆகாது" என்று சொல்லி, நெஞ்சிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.